எங்கள் தொழுவத்தில் மூன்று சாக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சென்னையைச் சேர்ந்த ஒருவர், கிராமங்களில் பிளாஸ்டிக்கைத் தெருவில் குவித்துக் கொளுத்துகிறார்கள், அந்த மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். கொளுத்துவது உண்மைதான். நானும் கொளுத்தியவள். ஆனால் விழிப்புணர்வு இல்லாததால்தான் கொளுத்துகிறோம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆண்டில் பாதி நாள் ஊரிலும் பாதி நாள் சென்னையில் மகள் வீட்டிலும் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது. முடிந்த அளவு வெளியிடுங்கள்.

எனக்குச் சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமம். 30 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஊரில் இன்றைக்கும் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் 'சத்துணவு டீச்சர்'தான்.

எங்கள் பக்கம் குப்பை என்றால் எரு என்று பொருள். 'வயலுக்குப் பத்து வண்டி குப்பை அடிச்சாச்சா?' என்று கேட்பார்கள். வைக்கோல் போரையும் குப்பைக்குழியையும் பார்த்தே ஒரு வீட்டின் வசதியைச் சொல்லிவிடுவார்கள். குழி சின்னதாக இருந்தால் மாடு குறைவு, மாடு குறைந்தால் வெள்ளாமை குறைவு. குப்பையை விலைக்கு வாங்கினார்கள். என் மாமனார் காலத்தில் பக்கத்து வீட்டுக் குழியிலிருந்து ஒரு கூடை எடுத்தார் என்று ஒருவர்மேல் பஞ்சாயத்தே நடந்ததாம்.

சத்துணவுக் கூடத்திலும் அப்படித்தான். காய்த்தோல் ஆட்டுக்கு, கழுநீர் பக்கத்து வீட்டு மாட்டுக்கு, முட்டை ஓடு பள்ளிக்கூடத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு. அரிசி வந்த காலிச் சாக்குக்குக் கூட நான் கணக்கு எழுதி ஒப்படைக்க வேண்டும். ஒரு சாக்கு குறைந்தால் என் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் இரவெல்லாம் ஒரு சாக்கைத் தேடியிருக்கிறேன்.

அப்புறம், சைக்கிளில் 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வருவாரே, அவரை இந்த நாளிதழின் வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். மாட்டு லாடம் ஒன்று தெருவில் கழன்று விழுந்தால் சாயங்காலம் வரை அது அங்கே கிடக்காது. ஏதாவது ஒரு பிள்ளை எடுத்துப் பதுக்கி வைத்திருக்கும். ஆணி, ஓட்டைத் தகரம், அலுமினியக் கரண்டி எல்லாமே அப்படித்தான். எங்கள் தெரு சுத்தமாக இருந்ததற்கு யாரும் வந்து பாடம் நடத்தவில்லை. வாங்கிக்கொள்ள ஒரு ஆள் தெருவுக்கு வந்தார், பதிலுக்குக் கையில் ஏதோ கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த ஆள் இப்போதும் வருகிறார். சைக்கிள் போய் சின்ன லோடு வண்டி வந்திருக்கிறது, பேரீச்சம்பழம் போய்க் காசு வந்திருக்கிறது. தண்ணீர் பாட்டில், உடைந்த குடம், நாற்காலி, எண்ணெய் டின் எல்லாம் எடைக்கு எடுக்கிறார். சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை, ஷாம்பு பொட்டலம், குர்குரே கவர் எடுப்பதில்லை. 'இது எடை நிக்காது டீச்சர். நிக்கிற அளவுக்குச் சேர்த்தாலும் மதுரையில யாரும் வாங்க மாட்டான்' என்றார். பல அடுக்காக, உள்ளே பளபளவென்று பூசி ஒட்டிய உறை அது. பிரிக்க முடியாது, உருக்கிப் பயனில்லை. ஆகவே விலை இல்லை. விலை இல்லாததால் அது கண்மாய்க் கரையில் கிடக்கிறது, அல்லது அடுப்பில் எரிகிறது.

அடுப்பு என்றேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெந்நீர் அடுப்பு உண்டு. முன்பெல்லாம் விறகு பிடிப்பதற்குப் பனை ஓலை வைப்போம், தென்னம்பாளை வைப்போம். பிளாஸ்டிக் பை வந்த பிறகு இரண்டு பையைச் செருகித் தீக்குச்சி கிழித்தால் போதும், மழைக்காலத்தில் ஈர விறகுகூடப் பிடித்துக்கொள்ளும். ஏழெட்டு ஆண்டுகள் தினமும் விடியற்காலையில் அதைச் செய்திருக்கிறேன். குனிந்து ஊதி அந்தப் புகையை நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறேன். இடுப்பில் பேரனை வைத்துக்கொண்டும் ஊதியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வேதனையாக இருக்கிறது. கெட்டது என்று அன்றைக்கே தெரியும். வானொலியிலும் சொன்னார்கள், பள்ளிக்கூடத்துச் சுவரிலும் எழுதியிருந்தது. தெரிந்துதான் செய்தேன், ஏனென்றால் அந்தப் பையைக் கொடுப்பதற்கு வேறு கை எதுவும் நீளவில்லை.

சென்னைக்கு வந்த பிறகுதான் வேறு முறை ஒன்றைப் பார்த்தேன். மகள் வீடு துரைப்பாக்கம் பக்கம், அடுக்குமாடி. சமையல் கழிவு ஒரு தொட்டி, காய்ந்தது ஒரு தொட்டி, டயப்பர், ஊசி மாதிரியானவை தனி. 2016-இல் வந்த திடக்கழிவு விதியும் மூன்றாகப் பிரிக்கத்தான் சொன்னது. மகள் தயிர் டப்பாவைக்கூடக் கழுவிக் காயவைத்துத்தான் போடுவாள். காலையில் பேட்டரி வண்டி வருகிறது. தூய்மைப் பணியாளர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பத்து நிமிடத்தில் வீடு துப்புரவாகிவிடுகிறது. முதல் வாரம் எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. இவ்வளவு எளிதா என்று இருந்தது.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. நான் அப்போது சென்னையில் இருந்தேன். புகை நாள்கணக்கில் அடங்கவில்லை. சன்னலை எல்லாம் அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தோம். பேரனுக்கு இருமல் நிற்கவில்லை. அந்த வாசனையை எனக்குத் தெரியும். எங்கள் வெந்நீர் அடுப்பின் வாசனை அது, ஆயிரம் மடங்காக. லிப்டில் சந்தித்தவர்கள் எல்லோரும் கிடங்கைத் திட்டினார்கள். அந்தப் புகையில் எங்கள் வீட்டுத் தயிர் டப்பாவும் எரிந்துகொண்டிருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.

சென்னையில் ஒரு நாளில் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கொட்டியிருக்கிறார்கள். பெருங்குடி மேடு எழும்பியது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். அதே சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, உலகம் காக்க வேண்டிய ஈரநிலங்களில் ஒன்றாக. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. நல்ல வேலை, நடக்கட்டும். ஆனால் நகரத்தில் என் குப்பை எனக்குத் தெரியாத ஓர் இடத்துக்குப் போகிறது. தொட்டியின் மூடியைச் சாத்தியதும் கடமை முடிந்துவிடுகிறது. இது அங்கிருப்பவர்களின் குணக்கேடு இல்லை. கண்ணில் படாததை மனது எப்படிப் பின்தொடரும்?

எவ்வளவு சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது ஒரு வாரத்துக் காய்ந்த குப்பை ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கும். சென்னையிலும் நான்கு பேர்தான். ஆன்லைனில் வரும் பொருளைச் சுற்றிய அட்டை, குமிழ்த்தாள், வெளியிலிருந்து வந்த சாப்பாட்டு டப்பா, அதோடு வரும் கரண்டி என்று இரண்டு நாளில் தொட்டி வழிகிறது. அதிகமாகக் குப்பை போடுகிற வீடு ஒழுங்கான வீடாகவும், கொஞ்சமாகப் போட்டுக் கொளுத்துகிற வீடு பொறுப்பில்லாத வீடாகவும் பெயர் வாங்குகின்றன. அந்தச் சென்னை வாசகருக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்.

மஞ்சப்பை என்றதும் இன்னொன்று. அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பரணில் கல்யாணத் தாம்பூலப் பை, ஜவுளிக்கடைப் பை என்று ஐம்பதாவது இருக்கும். ஆனால் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு பட்டணம் வந்த ஆளைப் பட்டிக்காட்டான் என்று எத்தனை காலம் கேலி செய்தார்கள்! என் கணவர் வேலை தேடி முதன்முதலாக மதுரைக்குப் போனபோது, அந்தக் கேலிக்குப் பயந்து மஞ்சப்பையைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாராம். அந்தப் பையை விடச் சொன்னதும் நகரம்தான், இப்போது எடுக்கச் சொல்வதும் நகரம்தான். சொல்கிறபோது கொஞ்சம் பணிவோடு சொல்லலாம் என்று தோன்றுகிறது.

சரி, இதையெல்லாம் எழுதுவதால் ஊரில் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் பெண்கள் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள். வாசலில் ஒரு துரும்பு கிடக்காது. கூட்டிய குப்பை எங்கே போகிறது என்றால் நான்கு வீடு தள்ளி, கண்மாய் உள்வாய்க்கு. கண்மாய் அரசாங்கத்தோடது என்ற எண்ணம் வந்துவிட்டது. என் சின்ன வயதில் மடை திறக்கவும் கரை வெட்டவும் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும், போகாவிட்டால் தெண்டம். அப்போது அது எங்கள் கண்மாய். இன்றைக்குப் பூச்சிமருந்து பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டு வரப்பிலேயே எறிகிறார்கள். டயப்பர் கருவேல முள்ளில் தொங்குகிறது. உழும்போது ரொட்டவேட்டரில் பிளாஸ்டிக் சிக்கி நாராக வருகிறது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை இப்போது யாரும் வயலுக்கு அடிக்க விரும்புவதில்லை. விலைக்கு விற்ற குப்பை இனாமாகவும் போகவில்லை. நான் வளர்த்த வெள்ளாடு ஒன்று வயிறு உப்பி இரண்டு நாள் நின்றபடியே நின்று செத்தது. அறுத்துப் பார்த்தபோது இரைப்பையில் பந்துபோலச் சுருண்டு கிடந்தது பை. டீக்கடையில் உட்கார்ந்து 'எல்லாம் டவுன்காரன் கொண்டுவந்த சீக்கு' என்று பேசுகிறவர்களின் கையில் இருப்பதும் காகிதக் கப்தான். பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் ஒன்று. டவுன்காரர் யாரும் வந்து அதைக் கையில் திணிக்கவில்லை.

ஆனால் எங்கள் மக்களால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்களுக்குப் பக்கத்தில்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும் நாரையும் நத்தைகொத்தியும் மிரண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. அந்த ஊர்ப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகள் போலத்தான், அவர்களுக்கும் மத்தாப்பு என்றால் ஆசைதான். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்து நன்றி சொல்கிறார்கள். அங்கே மனது உருகுவது மட்டும் இல்லை, பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்ற அறிவும் இருக்கிறது. பறவை கண் முன்னால் இருக்கிறது, அதனால் வரும் பயனும் கண் முன்னால் இருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் ஒரு ஊரே பண்டிகையை விட்டுக்கொடுக்கும்.

காலிப் பாட்டில் விஷயத்திலும் இதைப் பார்த்தோம். குடித்துவிட்டு வரப்பிலும் வயலிலும் உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். நடவுக்கு இறங்குகிற பெண்களின் பாதம்தான் கிழிகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஏழு தையல், அந்த நடவு முழுக்க அவளுக்குக் கூலி போயிற்று. நீலகிரியில் யானைக் காலில் கண்ணாடி குத்துகிறது என்று உயர் நீதிமன்றம் வரை போய், 2022-இல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகக் கொண்டுபோனார்கள். குடிப்பழக்கத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். பத்து ரூபாய் இருக்கிறது என்றதும் பாட்டிலைக் குனிந்து எடுக்க ஆள் வந்துவிட்டது. மாட்டு லாடத்தின் கதைதான்.

அதையே இந்த உறைகளுக்கும் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்பதற்கு வழிகாட்டியவர் நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அதனால்தான் அன்றாடங்காய்ச்சி வீட்டுப் பெண்ணும் ஷாம்பூ போட்டுக் குளிக்க முடிந்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நாள் கூலி வாங்குகிறவள் நாளுக்கு நாள்தான் வாங்குவாள். 'பெரிய பாட்டிலாக வாங்கு, சிக்கனம்' என்று அவளுக்குச் சொல்வது அவள் கைப்பையைத் திறந்து பார்க்காதவர்கள் சொல்லும் யோசனை. ஆனால் பொட்டலத்தை விற்றவர்களுக்கு அதைத் திரும்ப எடுக்கும் கடமை உண்டு. இது நானாகச் சொல்வதில்லை, பிளாஸ்டிக் கழிவு பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளில் உற்பத்தியாளர்களின் பொறுப்பு என்று எழுதியே இருக்கிறது. எங்கள் ஊர்க் கடைக்காரர் கேரி பை வைத்திருந்தால் அபராதம் கட்டுகிறார். அதே கடையில் தோரணமாகத் தொங்கும் ஆயிரம் உறைகளுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

எங்கள் ஊருக்குச் சாலை சரியில்லை. பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். ஆனால் சிப்ஸ் கம்பெனி வண்டி ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. மழையானாலும் வந்துவிடும். மூன்று கடைக்கும் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத்தான் திரும்பிப் போகிறது. அந்த வண்டியில் இரண்டு சாக்கு உறையை ஏற்றிக்கொண்டு போனால் என்ன? நூறு உறை கொண்டுவந்து கொடுக்கிற பிள்ளைக்கு ஒரு பொட்டலமோ ஐந்து ரூபாயோ கொடுக்கட்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் கண்மாய்க் கரையைச் சலித்து எடுத்துவிடுவார்கள்.

சென்னையில் நான் செய்துகொண்ட மாற்றம் சின்னது. பால்கனியில் இரண்டு மண்பானை வைத்து, துளை போட்டு, சமையல் கழிவையும் காய்ந்த இலையையும் போட்டு மக்க வைக்கிறேன். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கிறேன். ஒரு குடம் குடிதண்ணீர் எடுப்பதற்குள் அந்த வாளி இரண்டு தடவை நிறைந்தது. கண்ணால் பார்க்கும்வரை என் மகளுக்கே அது தெரியாது. சென்ற முறை பல்லவன் ரயிலில் ஒரு பை உரம் ஊருக்கு எடுத்துப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா பையைத் திறந்து மோந்து பார்த்து, 'மெட்ராஸுலகூட நல்ல குப்பை இருக்கேத்தா!' என்றார். எனக்கு அது விருது மாதிரி இருந்தது.

அதே அக்காதான் இன்னொன்றும் சொன்னார். நான் ஊருக்குப் போனதும் வெந்நீர் அடுப்பில் பை வைக்கக் கூடாது, தனியாகச் சேர்த்து வை என்று அவரிடம் சொல்லப் போனேன். கோபப்படவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: 'ஏத்தா, உனக்கு மெட்ராஸுல வாசலுக்கு வண்டி வருது. நான் சேர்த்து வச்சா யாருத்தா வந்து எடுப்பா?'

என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊராட்சியில் தூய்மைக் காவலர்கள் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். தள்ளுவண்டியோடு வெயிலில் அலைகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நாக்கு வராது. மக்குவதை உரக்குழியில் கொட்டுகிறார்கள். மக்காததைக் கூடத்தில் மூட்டையாக அடுக்குகிறார்கள். கூடம் நிறைந்து எத்தனையோ மாதம் ஆயிற்று. அங்கிருந்து எடுத்துப் போகத்தான் எதுவும் வருவதில்லை.

அதனால் அந்த அக்கா வீட்டு உறையையும் சேர்த்து நானே வாங்கிக்கொள்கிறேன். கழுவி, காயவைத்து, மடித்து, எங்கள் மாட்டுத் தொழுவத்தில் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். மாடு இல்லை, இடம் சும்மாதான் கிடக்கிறது. இதுவரை மூன்று சாக்கு நிறைந்துவிட்டது. இப்போது தெருவில் ஆறு வீடு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நான் சென்னையில் இருக்கும் நாளில் கூடையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட உறைகளை எங்கே, எந்த நாளில், யாரிடம் ஒப்படைக்கலாம் என்று பொறுப்பில் உள்ளவர்களிடம் விசாரித்துத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். வண்டி பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும் செலவு என்னுடையது. நான்காவது சாக்கைத் தைத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்.